மேல்தளத்தில் யாருக்கு இடம்?

மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்குப் போவது எனக்கு இளமை முதல் வழக்கம். நான் பக்தியில் முன்னிற்பவன் அல்லன். ஆனால் திருவிழாவுக்கு முந்திய நாள்களில் அந்தக் காட்டு மரங்களின் கீழ் கூடாரம் அடித்துத் தங்கும் குடும்பங்களைப் பார்ப்பதில் ஒரு நிறைவு உண்டு. பாட்டி அடுப்பில் இருப்பார். பெயரன் விறகு பொறுக்கப் போயிருப்பான். பதினாறு வயதுப் பெண் தம்பியின் காதைத் திருகிக் கொண்டிருப்பாள். எந்த வயதினருக்கு எந்த மரநிழல் என்று அங்கே யாரும் பிரித்துக் கொடுப்பதில்லை.

அப்படி ஒரு மரத்தடியில், அண்மைய திருவிழா ஒன்றின்போது, பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். மன்னார்ப் பெருநிலப்பரப்பில் பிறந்தவர். கனடாவில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மனைவி, மகன், மருமகள், பெயரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையோடு வந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் அவர்கள் குடும்பமாகப் போன உல்லாசக் கப்பல் பயணத்துக்கு வந்தது. தம் திருமணப் பொன்விழாவுக்காகப் பிள்ளைகள் ஏற்பாடு செய்த பயணம் அது. கப்பலின் பெயரைச் சொல்லவேண்டாம். எல்லாக் கப்பலிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

“அண்ணை, மேல்தட்டில நிழலான இடம் ஒண்டு. நல்ல சாய்மணைக் கதிரையள், சத்தமில்லை. நானும் மனுசியும் போனம். பின்னால பேத்தியும் வந்தாள். பதினைஞ்சு வயசு. வாசலில நிண்டவன் அவளை மறிச்சுப் போட்டான். பெரிய ஆக்களுக்கு மட்டுமாம். கையில புத்தகத்தோட வந்த பிள்ளை, அவள் என்ன சத்தம் போடப் போறாள்? அவளை விட்டிட்டு எங்களுக்கு இருக்க மனமில்லை. திரும்பி வந்திட்டம். எங்கட இராமானுஜம் கப்பலில இப்பிடி ஒரு வழக்கம் இருந்ததே?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நம் கடலைக் கடந்த கப்பல்களில் யார் மேலே, யார் கீழே என்ற விதி எப்போதும் இருந்தது. அதில் வயதுக்கும் ஓர் இடம் இருந்தது. அந்த இடம் வேறு விதமானது. சில வேளை மிகவும் கொடியது. அன்று அவரிடம் முழுதும் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், நண்பரின் பெயர்த்தியை மறித்த அந்த விதியைப் பார்த்துவிடலாம். பெரிய உல்லாசக் கப்பல்களின் மேல்தளத்தில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு பகுதியை ஒதுக்குவது இப்போது பொதுவழக்கம். ஆனால் வளர்ந்தவர் என்பவர் யார் என்பதில் கப்பல் நிறுவனங்களுக்குள் ஒற்றுமை இல்லை. ராயல் கரிபியன் நிறுவனத்தின் சொலாரியம் என்ற கண்ணாடிக் கூரைப் பகுதிக்கு 16 வயது போதும். டிஸ்னி கப்பல்களில் பெரியவர்களுக்கான குளத்துக்கு 18 வேண்டும். கார்னிவல் கப்பல்களின் செரினிட்டி தளத்துக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். அதே கார்னிவல் கப்பல்களில் இளையோர் மன்றங்கள் 12 முதல் 14 வரை ஒன்று, 15 முதல் 17 வரை இன்னொன்று என்று வகுக்கப்பட்டவை. ஆகவே 18, 19, 20 வயதுப் பிள்ளை இளையோர் மன்றத்துக்கு முதியவன், மேல்தளத்துக்குச் சிறியவன். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் கப்பல்களில் மது அருந்தும் வயது 21 என்பதை அறிந்தவர்களுக்கு இந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

கப்பல் முழுவதையுமே பெரியவர்களுக்காக ஒதுக்குவதும் உண்டு. பிரித்தானியாவின் பி அண்ட் ஓ நிறுவனம் 2005இல் சேவையில் ஈடுபடுத்திய ஆர்கேடியா அப்படிப்பட்டது. 2021இல் பயணம் தொடங்கிய வேர்ஜின் நிறுவனக் கப்பல்களில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் ஏறவே முடியாது.

இதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எழுபதை நெருங்கும் எனக்கு, குளத்தில் குதிக்கும் பிள்ளைகளின் கூச்சலிலிருந்து விலகி உட்கார ஓர் இடம் கிடைத்தால் மகிழ்ச்சிதான். பணம் கொடுத்து ஓய்வை வாங்கியவர் ஓய்வைக் கேட்கிறார். அதே அளவு பணம் கொடுத்த தாயும் தந்தையும் எங்கள் பிள்ளையோடு உட்கார எங்களுக்கு இடமில்லையா என்று கேட்கிறார்கள். இரு பக்கமும் கேட்பது நியாயம்தான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையைப் பற்றி இந்த வழக்கு அவ்வளவாக எழுவதில்லை. பதினைந்திலும் பதினேழிலும்தான் எழுகிறது. வயது என்பது கோடு போட்டுப் பிரிக்கக்கூடியது அல்ல என்று தெரிகிற இடம் அதுதான்.

இந்த வழக்கம் உல்லாசக் கப்பல்கள் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. கொழும்பு வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் தூர கிழக்குக்கும் போய்வந்த பிரித்தானியப் பெருங்கப்பல்களின் முதல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம் வேறு. இரவு விருந்துக்குப் பெற்றோர் ஆடை மாற்றிக்கொண்டு உணவு மண்டபத்துக்குப் போகும் வேளையில், பிள்ளைகள் முன்னதாகவே உண்டு முடித்துத் தாதியின் பொறுப்பில் இருப்பார்கள். குடியேற்ற நாட்டு ஆங்கிலக் குடும்பங்கள் வீட்டிலும் அப்படித்தான் வாழ்ந்தன. பிள்ளை கண்ணில் படலாம், காதில் படக்கூடாது என்பது அவர்களுடைய வளர்ப்பு முறை. கப்பல் அந்த வீட்டின் நகல். இன்று கார்னிவலின் மேல்தளத்தில் நிற்கும் காவலாளி அந்தத் தாதியின் வாரிசு என்று சொன்னால் பெரிய தவறில்லை.

நம்மவர் பயணம் செய்த தளம் வேறு. ‘டெக்’ பயணி என்றால் மேலே வெயில் காய்கிறவர் என்று இப்போதைய தலைமுறை நினைக்கக்கூடும். அந்தக் காலத்தில் அச்சொல்லின் பொருள், படுக்கையோ அறையோ இல்லாமல் கப்பலின் வெறுந்தளத்தில் பாய் விரித்துக் கிடக்கிறவர் என்பதாகும். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போய்வந்த ரஜுலா கப்பலை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பலுக்குத் தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்கள் ஏற்றும் எண்ணிக்கை அது. ரஜுலாவின் உருவமோ அவற்றின் பக்கத்தில் ஒரு தோணி.

அந்தத் தளத்தில் வயதுக்கு என்ன இடம்? 1887ஆம் ஆண்டின் இந்தியச் சுதேசிப் பயணிகள் கப்பல் சட்டத்தில் அதற்கு விடை உண்டு. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள ஆசிய, ஆப்பிரிக்கப் பயணி ஓர் ஆள். ஒரு வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குக் கீழ் இருந்தால் இருவர் சேர்ந்து ஓர் ஆள். ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை கணக்கிலேயே வராது. ஆளொருவருக்கு இத்தனை சதுர அடி என்று தளத்தை அளந்து கொடுத்த சட்டம் அது. மேல்வகுப்பில் பெரியவர்களின் அமைதிக்காக வயது பார்த்தார்கள். கீழே இடத்தைக் கணக்கிடுவதற்காகப் பார்த்தார்கள். பதின்மூன்று வயதுச் சிறுமி அந்தச் சட்டத்தின்படி முழு ஆள். அவளைத் தாயிடமிருந்து பிரித்து வேறெங்கும் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. தளம் முழுவதும் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருந்தது. கூச்சல், சமையல் மணம், வாந்தி எல்லாம் எல்லாருக்கும் பொது. அதை ஒரு பொற்காலமாக எழுதுகிறவர்கள் உண்டு. அந்தத் தளத்தில் ஒரு வாரம் கிடந்தவர்கள் அப்படி எழுதுவதில்லை.

இனி நம் பக்கத்துக் கடல். பாக்கு நீரிணையில் பயணம் ஒரு வாரம் அன்று; சில மணி நேரம். அதற்கு முன் நடந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1914க்கு முன்பு மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போன தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலர் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டுப் பாதையில் மேதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே போனார்கள். இப்போது நாம் கூடாரம் அடிக்கும் மடுவைச் சூழ்ந்த அதே வன்னிக் காடுகளின் ஊடாகத்தான் அந்தப் பாதை போயிற்று. வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியில் மாண்டவர்களின் தொகை இன்றும் ஆய்வாளர்களிடையே விவாதப் பொருள். 2023ஆம் ஆண்டு ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை, மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்து சென்றதை வாசகர்கள் அறிவார்கள்.

கரீபியன் தீவுகளுக்கும் பிஜிக்கும் போன ஒப்பந்தக் கூலி முறைக்கும் இலங்கைப் பெயர்ச்சிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே பெரும்பாலும் தனி ஆண்கள் போனார்கள். தேயிலை வந்த பிறகு இலங்கைக்குக் கங்காணியின் பின்னால் போனவை குடும்பங்கள். கொழுந்து பறிக்கப் பெண்ணின் கை வேண்டும். களை பிடுங்கப் பிள்ளையின் கை போதும். ஆகவே தோட்டத் துரைமாருக்கும் வயதுக் கோடு தேவைப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பதின்பருவத்துப் பையன் பிள்ளைக் கணக்கிலிருந்து ஆண் கணக்குக்கு மாறும் நாளைக் குடும்பமே எதிர்பார்த்துக் கொண்டிருந்திருக்கும். 22 சதம் என்பது அந்தக் குடும்பத்துக்குச் சிறிய தொகை அன்று.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலமும் இரு கரைகளிலும் இரயில் பாதையும் முடிந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. இடைத்தூரம் ஏறக்குறைய 22 மைல். சென்னையில் பயணச்சீட்டு வாங்கினால் கொழும்பு வரை போகலாம். அந்த இணைப்புத்தான் பிற்காலத்தில் போட் மெயில் என்று பெயர் பெற்றது. கிளாஸ்கோவில் கட்டப்பட்ட முதல் மூன்று கப்பல்களுக்கும் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று இந்திய வைசிராய்களின் பெயர்களை வைத்தார்கள். பின்னர் இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் வந்தன.

இந்தக் கப்பல்களிலும் மேல், கீழ் உண்டு. மேல்வகுப்பார்க்கு இருக்கையும் காற்றும். மூன்றாம் வகுப்பாருக்கு மூட்டை முடிச்சுகளோடு கீழ்த்தளம். தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கீழ்த்தளத்தை அடைவதே பெரிய காரியமாக இருந்தது. இந்திய மண்ணில், மண்டபத்தில், இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாள்கள் தங்கவைத்து, நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்று கழுத்திலோ இடுப்பிலோ தொங்கும். அந்தக் கப்பலில் யாரும் யாருடைய பிள்ளையையும் வயது காரணமாக மறிக்கவில்லை. மறிப்பதற்கு வேறு காரணங்கள் போதுமானவையாக இருந்தன.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. நண்பர் குறிப்பிட்ட இராமானுஜம் அந்தக் கப்பல்தான். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், புயலுக்கு இரண்டு மாதத்துக்குள் முன்பு, டில்லியில் இரண்டு பிரதமர்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தார்கள். குடியுரிமை இல்லாத 9,75,000 இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பிறகு, 1974இல், அவர்களையும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக் கொண்டார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும் அந்த ஏற்பாட்டில் எண்கள் வட்டமானவை. குடும்பங்கள் அப்படி வட்ட எண்ணாக வகுபடக் கூடியவை அல்லவே.

இந்த இடத்தில் ஒரு சட்ட விநோதத்தைச் சொல்லவேண்டும். நான் சட்டத்துறைச் செய்திகள் எழுதத் தொடங்கிய காலத்தில் இதைக் கவனித்து வியந்திருக்கிறேன். இந்தியாவில் 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் பராயமடைந்தவர். இலங்கையில் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு 21 வயது நிறைய வேண்டும். 1989இல்தான் அது 18 ஆயிற்று. வாக்குரிமையிலோ இது தலைகீழ். இலங்கையில் 1959 முதல் 18 வயதில் வாக்களிக்கலாம். இந்தியாவில் 1989 வரை 21 வயது வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளை தலைமன்னார்த் துறையில் நிற்கும்போது, சொத்தை விற்க உரிமையில்லாத சிறுவன்; இலங்கைக் குடியுரிமை இருந்தால் வாக்களிக்கும் பெரியவன். கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினால், சொத்தை விற்கலாம், வாக்களிக்க முடியாது. கார்னிவல் கப்பலின் விதியைக் கேலி செய்யுமுன் நம் இரு அரசுகளின் விதிகளையும் நினைத்துக்கொள்வது நல்லது.

ஒப்பந்தத்தின்படி விண்ணப்பங்கள் 1968ஆம் ஆண்டு முதல் 1970ஆம் ஆண்டு வரை பெறப்பட்டன. குடும்பத் தலைவன் தன் மனைவியையும் பராயமடையாத பிள்ளைகளையும் சேர்த்து விண்ணப்பிப்பான். வயது வந்த பிள்ளை தனி விண்ணப்பதாரர். தந்தை ஒரு நாட்டையும் தனயன் இன்னொரு நாட்டையும் கேட்டிருக்கலாம். இருவரும் ஒரே நாட்டைக் கேட்டு, ஒருவருக்கு மட்டும் கிடைத்திருக்கலாம். கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகம் வழங்கிய குடும்ப அட்டை இந்தியாவில் மறுவாழ்வு உதவிக்கு ஆதாரம். அந்த அட்டையில் பெயர் உள்ளவர்தான் குடும்பம். விண்ணப்பித்த நாளுக்கும் கப்பலேறும் நாளுக்கும் இடையில் சிலருக்கு ஐந்து, எட்டு, பத்து ஆண்டுகள் கடந்துபோயின. காகிதத்துக்கு வயது ஏறாது. அதில் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகளுக்கு ஏறியது.

1979ஆம் ஆண்டு, பத்திரிகையில் சேர்ந்த புதிதில், தலைமன்னார்த் துறைக்கு என்னை அனுப்பினார்கள். மலைநாட்டிலிருந்து வரும் புகையிரதத்தை அங்குள்ளவர்கள் கோச்சி என்பார்கள். நாட்டை விட்டுப் போகிறவர்களை ஏற்றி வந்ததை அழுகைக் கோச்சி என்று சொன்னவர்கள் உண்டு. கோச்சி மடு வீதி நிலையத்தைக் கடக்கும்போது, இந்துக்களும் கூடக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். துறையில் சுங்கச் சோதனை. பெட்டிகளைத் திறந்து, அரிவாள் முதல் அம்மன் படம் வரை எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். நகைக்கும் பணத்துக்கும் வரம்பு உண்டு. ஒரு கிழவியின் மூக்குத்தி கணக்கில் சேருமா என்று இரண்டு அதிகாரிகள் பேசிக் கொண்டிருந்தார்கள்.

அங்கே ஒரு குடும்பம். தாய், தகப்பன், இரண்டு பெண்கள், ஒரு பையன். அவர்களோடு மூத்த மகனும் வந்திருந்தான். கப்பலேற அல்ல, வழியனுப்ப. விண்ணப்பம் கொடுத்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயதாம். தகப்பனின் தாளில் அவன் பெயர் இருந்தது. இப்போது இருபத்திரண்டு. தனிக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும், தனி அனுமதி வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவனுடைய முறை வரும் வரையில் தோட்டத்திலேயே இருப்பதாகச் சொன்னான். எப்போது வரும் என்று கேட்டேன். சிரித்தான். என் வயதுதான் அவனுக்கும்.

கப்பல் புறப்படும் நேரத்தில், கீழ்த்தளத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் மேலே ஏறி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கரையைப் பார்க்க மேல்தளத்தில்தான் வசதி. யாரும் அவர்களைத் தடுத்ததாக எனக்கு நினைவில்லை. தாய் தன் சேலைத் தலைப்பை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சிறிய பையன், பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும், கப்பலில் ஏறிய மகிழ்ச்சியில் இங்குமங்கும் ஓடினான். கரையில் நின்ற மகன் கையைத் தூக்கவில்லை. தன் தகப்பன் பார்க்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு நான் எழுதிய செய்தியில் எத்தனை குடும்பங்கள் புறப்பட்டன, மொத்தம் எத்தனை பேர் என்ற விவரம் சரியாக இருந்தது. அந்த இளைஞனைப் பற்றி நான்கு வரி எழுதினேன். பக்கத்தில் இடமில்லை என்று அதை வெட்டிவிட்டார்கள். அவன் பெயரைக் குறித்து வைத்தேனா என்று பிற்காலத்தில் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். வயதைக் குறித்திருக்கிறேன், தோட்டத்தின் பெயரைக் குறித்திருக்கிறேன், பெயரைக் குறிக்கவில்லை. அந்த வகையில் எனக்கும் தகர வில்லைக்கும் வேறுபாடு இல்லாமற் போயிற்று.

அப்படிப் போனவர்களிற் பலர் மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்குப் பிரிந்தார்கள். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களில் வேலை கிடைத்தவர்கள் நீலகிரிக்கும் கூடலூருக்கும் போனார்கள். 1984இல் போர்ச் சூழலில் கப்பல் நின்றது. அதற்குள் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியா போய்ச் சேர்ந்திருந்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறக் கப்பல் இல்லாமல் இலங்கையிலேயே நின்றுபோனவர்கள் சுமார் 84 ஆயிரம் பேர். கடவுச்சீட்டுகள் காலாவதியாகி, அவற்றில் ஒட்டியிருந்த படங்களிலுள்ள பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு, 2003ஆம் ஆண்டில்தான் இலங்கை நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அந்த வழக்கை முடித்தது. அந்த மகன் எந்தக் கணக்கில் சேர்ந்தான் என்பது எனக்குத் தெரியாது. கப்பல் நிற்பதற்கு முன் அவனுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் இருந்தது, போயிருக்கலாம்.

நான் பார்த்த அந்தக் கோச்சிப் பாதையும் 1990இல் போரினால் அழிந்தது. அதே ஆண்டில் மடுவின் காடு திருவிழாவுக்கு அல்லாமல் உயிருக்கு அஞ்சி வந்தவர்களால் நிறைந்தது. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் உதவியோடு அங்கும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்கள் நடந்தன. 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் மடுத் தேவாலய வளாகத்தில் எறிகணை விழுந்து தஞ்சம் புகுந்திருந்தவர்களில் நாற்பது பேரளவில் மாண்டார்கள். அவர்களுள் சிறுவரும் இருந்தனர். அதை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். மீண்டும் போடப்பட்ட பாதையில் தலைமன்னார்த் துறை வரை இரயில் ஓடத் தொடங்கியது 2015ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள்.

உல்லாசக் கப்பலும் இப்போது நம் கடலுக்கு வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் எம்பிரஸ் என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்தது. காங்கேசன்துறையில் அதைப் பார்க்கத் திரண்டவர்களுக்கு அதன் உயரமே வியப்பாக இருந்தது. மன்னார்க் கடலின் ஆழம் அவ்வளவு பெரிய கப்பலுக்குப் போதாது. தலைமன்னாரில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

திருவிழா முடிந்த மறுநாள் நண்பரின் குடும்பத்தைத் தலைமன்னார்த் துறைக்கு அழைத்துப் போனேன். பழைய பாலத்தில் எஞ்சியிருக்கும் இரும்புத் தூண்கள் துருவேறிக் கடலுக்குள் நிற்கின்றன. நண்பர் தாம் சிறுவனாகத் தகப்பனோடு இராமேசுவரம் போன கதையைச் சொன்னார். அதில் பாதி அவருடைய தகப்பன் சொன்ன கதையாக இருக்கவேண்டும். நான் 1979ஆம் ஆண்டைச் சொன்னேன். அந்த பதினைந்து வயதுப் பெயர்த்தி தமிழை நன்றாக விளங்கிக்கொள்கிறாள். பேசும்போதுதான் தயங்குகிறாள். அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். கப்பலில் ஓடிய அந்தச் சிறிய பையனுக்கு இப்போது எத்தனை வயது இருக்கும் என்று. கணக்குப் பார்த்தேன். அறுபதை நெருங்கியிருப்பான். எந்தக் கப்பலின் எந்தத் தளத்திலும் அவனை இனி யாரும் மறிக்கமாட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் தம்பியைத் தேடிக்கொண்டு மணலில் இறங்கிவிட்டாள்.